ஒரு ரூபாய் அச்சாரம்

தம்பி, நேற்று போனில் நீ "அந்த மிஷின் போச்சாம்மா, எவ்வளவுக்குப் போச்சு?" என்று கேட்டபோது, "போச்சுப்பா, நல்ல விலைக்குத்தான் போச்சு" என்று சொல்லி வைத்தேனே, அது பாதிப் பதில்தான். மீதியைப் போனில் சொல்ல முடியாது. நீ புனேயில் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு "சுருக்கமாச் சொல்லும்மா" என்பாய். எனக்குச் சுருக்கம் வராது. எழுமலையில் எட்டாம் வகுப்பு படித்தபோதே, பசுவைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னால் நான் பசுவுக்கு முந்தின உரிமையாளர் வரைக்கும் எழுதிவிடுவேன். ஆவணி பிறந்தால் உனக்குக் கல்யாணம். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். மாடி வீட்டு நர்மதாவிடம் கொடுத்து டைப் பண்ணி, நம் சொந்தக்காரர்கள் குரூப்பிலும் போடச் சொல்லப் போகிறேன். எல்லாரும் படிக்கட்டும். நான் சொன்ன பொய்யும் இதில் இருக்கிறது, அதையும் படிக்கட்டும்.

முதலில் அந்தப் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குச் சர்க்கரை இருக்கிறதென்று டாக்டர் சொன்னதும், நீ போனஸ் பணத்தில் அந்த டிரெட்மில்லை வாங்கி அனுப்பினாய். நாலு பேர் தூக்கி வந்து உன் அறையில் இறக்கினார்கள். தெருவே வந்து பார்த்தது. நான் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, வலது காலை வைத்து ஏறினேன். ஐந்து நாள் நடந்தேன். ஆறாம் நாள் எந்தப் பொத்தானை அமுக்கினேனோ தெரியாது, அது ஓட ஆரம்பித்துவிட்டது. முருகா முருகா என்று கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். உன் அப்பா ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். அதோடு சரி. மறு வாரம் அந்தக் கம்பியில் அவருடைய துண்டு காய்ந்தது, அதற்கு அடுத்த வாரம் என் சேலை, மழை நாளில் வடகத் தட்டு. நீ தினமும் "நடந்தியாம்மா?" என்பாய். "நடந்தேம்ப்பா" என்பேன். நடந்தது உண்மைதான். தெருமுனைப் பிள்ளையாரை நாற்பத்தெட்டுச் சுற்று, வெள்ளிக்கிழமை நூற்றியெட்டு. சர்க்கரை இறங்கியதும் அவரால்தான். ஆனால் நீ "பாத்தியா, மிஷின் வேலை செய்யுது" என்று அவ்வளவு சந்தோஷப்பட்டாய். உன் மனசு நோகக்கூடாதென்று "ஆமாப்பா" என்றேன். அப்புறம் நீ எத்தனை கிலோமீட்டர் என்று கேட்க ஆரம்பித்தாய். வாய்க்கு வந்ததைச் சொல்வேன். ஒரு நாள் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டேன், நீ பயந்துபோய் டாக்டருக்கே போன் பண்ணினாய். இதற்காகத்தான் சொல்கிறேன், நீ கட்டிக்கொள்ளப் போகிற அந்தப் பிள்ளையிடம் இப்படித் தொடங்காதே. அவள் முதல் நாள் வைக்கிற புளிக்குழம்பு பிடிக்கவில்லை என்றால் சிரித்துக்கொண்டே சொல்லிவிடு. பிரமாதம் என்று சொன்னாயோ, அறுபது வயது வரைக்கும் அதே குழம்பைத்தான் சாப்பிடுவாய். உன் அப்பாவைக் கேள்.

கல்யாணம் முடிவானதும் மருமகள் வந்து தங்க உன் அறையை ஒழிக்க வேண்டியிருந்தது. "வித்துரலாம்மா, ஒரு போட்டோ மட்டும் எடுத்து அனுப்பு" என்றாய். அனுப்பினேன். துண்டை எடுத்துவிட்டு இன்னொரு போட்டோ அனுப்பச் சொன்னாய், அதையும் அனுப்பினேன். பழைய சாமான் விற்கிற ஆப்பில் நீ அங்கிருந்தே போட்டுவிட்டு என் நம்பரைக் கொடுத்தாய். என் போனிலும் பணம் வாங்குகிற ஆப்பை நீதான் போன பொங்கலுக்கு வந்தபோது போட்டுக் கொடுத்திருந்தாய். "பணம் வந்தா டிங்குனு சத்தம் வரும், நீ ஒண்ணுமே செய்ய வேணாம்" என்று சொல்லிக் கொடுத்ததை நான் மறக்கவில்லை. ஆனால் முதலில் பேசினவன் என்னை மறக்க வைத்தான்.

அவன் பேச்சு அப்படி. தான் பெரிய கம்பெனி ஒன்றில் மானேஜர், விலை எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றான். கட்டம் கட்டமாக ஒரு படம் அனுப்பினான். "அத ஸ்கேன் பண்ணி ஒங்க ரகசிய நம்பரப் போடுங்கம்மா, பணம் ஒங்க கணக்குல வந்து விழும்" என்றான். நானும் போட்டேன் தம்பி. உன் பிறந்த வருஷத்தைப் போட்டேன், தப்பு என்றது. என் கல்யாண வருஷத்தைப் போட்டேன், தப்பு. நம் வீட்டுக் கதவு எண்ணை முன்னால் இரண்டு சைபர் வைத்துப் போட்டேன். இனி நாளைக்குத்தான் திறப்பேன் என்று பூட்டிக்கொண்டது. அவனுக்கு வந்ததே கோபம். "என்னம்மா நீங்க, ஒங்க நம்பரே ஒங்களுக்கு ஞாபகம் இல்லையா?" என்றான். "கோவிச்சுக்காதய்யா, நாளைக்குக் கூப்பிடு, ஒனக்கே தாரேன்" என்று திருடனிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் அப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "ஏண்டி, காசு வாங்குறவ எதுக்கு நம்பரப் போடணும்?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நம்பரை மறக்கடித்தது தெருமுனையில் உட்கார்ந்திருக்கிறவர்தான். அன்றைக்குச் சாயங்காலமே அவருக்கு ஒரு சிதறுகாய் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து முத்துப்பேச்சி என்று ஒருத்தி கூப்பிட்டாள். விலையைக் கேட்கவில்லை. "மெதுவா ஓடுமாக்கா அது?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"எம்புட்டு மெதுவா?"

"ஒரு மனுசன் காலை இழுத்து இழுத்து வைக்கிற அளவுக்கு."

அப்புறம் நான் விடுவேனா, எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். அவளுக்கு உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஊர். இப்போது கப்பலூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. வீட்டுக்காரர் பெயர் பாண்டி, லாரி டிரைவர். எட்டு மாசத்துக்கு முன்னால் இடது கையும் காலும் விழுந்துவிட்டது. கை தேறிவிட்டது, கால் இன்னும் இழுக்கிறது. தினமும் நடக்காவிட்டால் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் மனுஷன் வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறார். "தெருவுல எறங்குனா பத்தடிக்கு ஒருத்தர் 'இப்ப எப்படி இருக்கு பாண்டி'ன்னு கேக்காக. நாலாவது ஆளு கேட்டதும் திரும்பி வந்து படுத்துக்கிட்டாரு. ரெண்டு மாசமாச்சு" என்றாள். வீட்டுக்குள்ளே நடக்கலாமென்றால் எட்டெட்டு வைத்தால் சுவர் வந்துவிடுகிறதாம். அதனால்தான் சீட்டு எடுத்த காசில் இந்த மிஷினைத் தேடியிருக்கிறாள். "எழுமலைக்காரி நானு. நீ எனக்கு மருமக முறைன்னு வச்சுக்க, அத்தைன்னே கூப்பிடு" என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் நான் எங்கே பேரம் பேச? ஒன்பதரை என்று நீ போட்டிருந்தாய். எட்டாயிரத்து ஐந்நூற்று ஒன்று என்று நானே முடித்தேன், நல்ல காரியத்துக்கு ஒற்றையில் முடியட்டும் என்று.

"சரியான நம்பர்தானான்னு மொதல்ல ஒரு ரூபா போட்டுப் பாக்கேன் அத்த" என்றாள். டிங்கென்று சத்தம் வந்தது. முத்துப்பேச்சி, ஒரு ரூபாய். எனக்கு அதைப் பார்த்ததும் எங்கள் அய்யா ஞாபகம் வந்துவிட்டது. எழுமலையில் மாடு விற்கும்போது பேச்சு முடிந்ததற்கு அடையாளமாக வாங்குகிறவர் ஒரு ரூபாயைக் கையில் வைப்பார். அதுதான் அச்சாரம். அது கைக்கு வந்துவிட்டால் மாடு நம் தொழுவத்தில் நின்றாலும் நம் மாடு இல்லை. புல் போடுவதுதான் நம் வேலை. "வந்துருச்சுத்தா. இனி இது ஒன் பொருளு. கலெக்டரே வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்" என்றேன். அவள் சிரித்தாள். மிச்சம் எட்டாயிரத்து ஐந்நூறையும் அப்போதே அனுப்பினாள்.

அதுதான் வரவில்லை தம்பி. அவள் போனில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. "எனக்குக் காசு போயிருச்சே அத்த, ஒங்களுக்குச் சத்தம் வரலையா?" என்றாள். வரவில்லை. மூன்று வேலை நாள் பொறுக்கச் சொல்லி அவளுக்கு ஒரு மெசேஜ் வந்தது. அந்த மூன்று நாளுக்கு நடுவே ஒரு சனி, ஒரு ஞாயிறு, ஒரு லீவு. புகார் சொல்கிற நம்பருக்குப் போட்டால் தமிழுக்கு இரண்டை அமுக்கச் சொன்னது. அமுக்கினால் பாட்டுப் போட்டது. எழுதிக் கேட்கலாம் என்று நர்மதா காட்டிக் கொடுத்தாள். மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, பாண்டியின் கால் வரைக்கும் விவரமாக எழுதி அனுப்பினேன். கண் மூடித் திறப்பதற்குள் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று பதில் வந்தது. எவ்வளவு நல்ல மனுஷன் என்று ஆசீர்வாதம் பண்ணி இன்னொன்று எழுதினேன். அதற்கும் அதேதான் வந்தது. உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "கல்யாண மண்டப வாசல்ல பன்னீர் தெளிக்குமே ஒரு பொம்மை, அதுகிட்டப் போய்க் குடும்பக் கதை சொல்லிக்கிட்டு இருக்கே" என்றார்.

பேங்குக்கும் போனேன். கவுண்டரில் இருந்த பெண் நல்ல பிள்ளை. பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அவங்க பேங்க விட்டுப் போயிருச்சும்மா, எங்ககிட்ட இன்னும் வரல" என்றாள்.

"அப்ப நடுவுல எங்கம்மா நிக்குது?"

"சிஸ்டத்துல."

"அது எந்த ஊருலம்மா இருக்கு? திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுல நின்னா சொல்லு, நானே போய்க் கூட்டிட்டு வாரேன்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். பணம் மட்டும் வரவில்லை.

இதற்கு நடுவில் ஜிம் வைத்திருக்கிற ஒரு பையன் நேரே வீட்டுக்கு வந்துவிட்டான். பத்தாயிரம், ரெடி காசு, இப்போதே தூக்கிக்கொள்கிறேன் என்றான். உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு மோர் கொடுக்கிறார். நான் முடியாது என்றேன். "ஒரு ரூபா வாங்கிட்டேன் தம்பி" என்று அவனிடம் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை, மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். உன் அப்பா, "ஒரு ரூபாதானடி வாங்கியிருக்கே. அவுகளுக்கு நெசமாவே காசு போச்சா, இல்ல நம்மள அலையவிடுதாகளான்னு என்ன கண்டே?" என்றார். எனக்கும் ஒரு நிமிஷம் மனசு ஆடியது, மறைக்கவில்லை. ஆனால் தினமும் காலையில் ஷிப்டுக்குப் போகும் முன்னால் அவள் கூப்பிடுவாள். "வந்துச்சா அத்த?" "வரலத்தா." "இன்னைக்கு வந்துரும்." அந்தக் குரலைக் கேட்டால் சந்தேகம் போய்விடும். பணம் வந்தால்தான் மிஷின் வரும் என்று அவள் நினைத்திருந்தாள். பணம் வரட்டும் என்று நானும் உட்கார்ந்திருந்தேன். அங்கே அந்த மனுஷன் படுத்திருந்தார்.

ஏழாம் நாள் நர்மதா ஒரு யோசனை சொன்னாள். "ஆன்ட்டி, லைன்ல கோளாறான்னு பாக்கலாம். நீங்க அவங்களுக்கு ஒரு ரூபா அனுப்புங்க. போச்சுன்னா லைன் சரியா இருக்குன்னு அர்த்தம்." நல்ல யோசனையாகப் பட்டது. ரகசிய நம்பரையும் அவள் புதிதாக மாற்றிக் கொடுத்திருந்தாள். அனுப்பினேன், பறந்து போய்விட்டது. லைன் சரியாக இருக்கிறது என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டு ஆளுக்கொரு காபி குடித்தோம்.

மறுநாள் காலையில் முத்துப்பேச்சி கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சாயங்காலமும் எடுக்கவில்லை. இரண்டு நாள், மூன்று நாள். "பாத்தியா" என்றார் உன் அப்பா. நானும் வேலையோடு வேலையாக அவளைத் திட்ட ஆரம்பித்துவிட்டேன். காசு அனுப்பினதாகச் சொன்னதே பொய்யாக இருக்கும், வேறு எங்கேயோ மலிவாகக் கிடைத்திருக்கும் என்று அவளைப் பற்றி என்னென்னவோ நினைத்தேன். எனக்கு இது பழைய பழக்கம். உன் அப்பா கல்யாணமான புதிதில் கோயம்புத்தூர் மில்லில் வேலை பார்த்தார். இரண்டு மாசம் மணியார்டர் வரவில்லை. மனுஷன் மாறிவிட்டார் என்று நானே முடிவு பண்ணி, நாலு பக்கம் நெருப்பாக ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுமலைக்குப் போய்விட்டேன். தபால்காரர் காலொடிந்து படுத்திருந்தார், அவருக்குப் பதிலாக வந்த ஆள் நம் தெருப் பெயரிலேயே இருந்த இன்னொரு தெருவில் தேடிக்கொண்டிருந்தார். பணம் போஸ்டாபீஸில் பத்திரமாக இருந்தது. என் கடிதம் மட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. உன் அப்பா அதைப் படித்த அன்று சாப்பிடவில்லை என்று அவருடைய கூட்டாளி பல வருஷம் கழித்து எனக்குச் சொன்னார். அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதனால்தான் உனக்குச் சொல்கிறேன். உனக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவில் என்றைக்காவது ஒன்று சிக்கிக்கொண்டு நின்றால், அவள் மனசு இப்படித்தான் என்று நீயாக முடிவு பண்ணாதே. எழுந்து போய்க் கேள்.

நான் எழுந்து போனது எப்படி என்றால், வியாழக்கிழமை பிள்ளையாரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். முப்பதாவது சுற்றோ முப்பத்தொன்றோ, கால் அப்படியே நின்றுவிட்டது. அச்சாரத்தை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அந்த ஒரு ரூபாய் திரும்பி வந்தால், மாடு இல்லை, வியாபாரம் முறிந்தது, போய் வேலையைப் பார் என்றுதான் அர்த்தம். அதைப் போய் லைன் பார்க்கிறேன் என்று அனுப்பியிருக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லாமல். மீதிச் சுற்றைப் பிள்ளையாரிடம் கடன் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். "நாளைக்குக் காலையில குட்டியானை வண்டி ஒண்ணு பிடிங்க. மிஷின ஏத்திக்கிட்டுக் கப்பலூர் போறோம்" என்றேன்.

உன் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காசு வராம பொருள எறக்கப் போறியா?"

"ஆமா."

"நாளைக்கு ஆடி வெள்ளிடி. வெள்ளிக்கிழமைல பக்கத்து வீட்டுக்கு உறை மோர் கூடக் குடுக்க மாட்டே. இத எப்படி வாசலத் தாண்ட விடுவே?"

"அது நம்ம பொருளா இருந்தாத்தான வெள்ளிக்கிழமை பாக்கணும். அடுத்தவுக பொருள ரெண்டு வாரமா வீட்டுக்குள்ள வச்சிருக்கோம்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிக்காரரைப் பார்க்கப் போனார். மறுநாள் காலையில் ஆடி வெள்ளிக்குக் காய்ச்சிய கூழில் ஒரு தூக்குவாளி எடுத்துக்கொண்டேன். வண்டியில் டிரைவர் பக்கத்தில் நான், பின்னால் மிஷினைப் பிடித்துக்கொண்டு உன் அப்பா.

டோல்கேட் பக்கம் போய், அவள் எப்போதோ சொன்ன டீக்கடையைக் கண்டுபிடித்தோம். "பாண்டி வீடா? இப்ப எப்படி இருக்காரு, நடக்காரா?" என்று டீக்கடைக்காரர் எங்களையே கேட்டார். அந்த மனுஷன் ஏன் தெருவில் இறங்குவதில்லை என்று எனக்கு அப்போது நன்றாகப் புரிந்தது. சர்வீஸ் ரோட்டை ஒட்டி ஓர் அறை வீடு. முத்துப்பேச்சிக்கு அன்றைக்கு ஷிப்டு இல்லை போல, வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். என்னை அதற்கு முன் அவள் பார்த்ததில்லை, ஆனால் வாயைத் திறந்ததும் குரலை வைத்துத் தெரிந்துகொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"அதான் ஒரு ரூபாயத் திருப்பி அனுப்பிட்டீங்களே. இன்னும் என்ன?"

"போன எடுத்திருந்தா சொல்லியிருப்பேன்ல."

"எடுத்து என்ன பேச? அந்தப் பொம்பள ஏமாத்துதுன்னு எங்க அண்ணன் மொத நாளே சொன்னாரு. நான் கேக்கல. எட்டாயிரத்தஞ்ஞூறு போனப்பக்கூட நான் ஒங்களச் சந்தேகப்படல அத்த. அந்த ஒத்த ரூபா வந்துச்சு பாருங்க, அப்பத்தான் அழுதேன்."

  உன் அப்பாதான் வண்டியின் மேலிருந்து, "ஏம்மா, இவ லைன் பாக்க அனுப்புனாம்மா. ஆகாத கழுதை, சொல்லிட்டு அனுப்பியிருக்கணும். இந்தா ஒன் பொருளு. ஒரு கை பிடிக்க ஆளு இருந்தாக் கூப்பிடு, எனக்கு இடுப்பு போச்சு" என்றார். அப்போதுதான் அவள் வண்டியைப் பார்த்தாள். கையில் சாம்பலோடு அப்படியே எழுந்து நின்றாள். "காசு இன்னும் வரலையே அத்த" என்றாள்.

"காசு வர்றப்ப வரட்டும். மொதல்ல அந்த ஒரு ரூபாய எனக்குத் திருப்பிப் போடு."

"என்னது?"

"போடுத்தா. போட்டாத்தான் எறக்குவேன்."

கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்து அனுப்பினாள். என் இடுப்பில் டிங்கென்றது. எட்டாயிரத்து ஐந்நூறுக்கு வழி தெரியாத போன், ஒரு ரூபாய்க்கு எப்படி ஓடி வருகிறது பார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

டீக்கடைக்காரரும் வண்டிக்காரரும் உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். அறையில் பாதி அடைத்துக்கொண்டது. பாண்டி கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டுப் பெருசா? இதுக்கு நான் வாடகை கேக்கணும் போலயே" என்றார். சுவரைப் பார்க்க வைத்தார்கள். வேண்டாம், வாசலைப் பார்க்கத் திருப்பிப் போடுங்கள் என்றார். அங்கிருந்து பார்த்தால் ஹைவே தெரிகிறது. உன் அப்பா எல்லாம் தெரிந்தவர் போல ஒவ்வொரு பொத்தானாக விளக்கினார். "ஒங்களுக்குப் பழக்கமாண்ணே?" என்று பாண்டி கேட்டார். "ரெண்டு வருசமா இதுலதான் துண்டு காயப்போடுதேன்" என்றார் உன் அப்பா. அந்த மனுஷன் அப்படிச் சிரித்து எட்டு மாசமாச்சு என்று முத்துப்பேச்சி என் காதில் சொன்னாள். அவளே குனிந்து அவருடைய இடது காலை இரண்டு கையாலும் தூக்கி மிஷின் மேல் வைத்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆகக் குறைந்த வேகத்தில் வைத்தோம், எறும்பு போகிற வேகம். நான் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டு ஒரு பக்கம், முத்துப்பேச்சி ஒரு பக்கம். இரண்டு எட்டு, நாலு எட்டு. "இருவது வருசம் ரோடு நின்னுச்சு, நான் ஓடுனேன். இப்ப ரோடு ஓடுது, நான் நிக்கேன்" என்றார். அப்புறம் வாசல் வழியே பார்த்துக்கொண்டே, "அது நாமக்கல் வண்டி. இது ராஜபாளையம், ஓவர் லோடு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு நடந்தார். நாலு நிமிஷம் நடந்தார் தம்பி. டீக்கடைக்காரர் வாசலில் நின்றுகொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எல்லாருக்கும் கூழ் ஊற்றினேன்.

பணம் அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் கணக்குக்கே திரும்பி வந்துவிட்டது. இத்தனை நாள் எங்கே போயிருந்ததென்று யாருக்கும் தெரியவில்லை. அவளும் போனைத் தொடவில்லை. புதன்கிழமை பஸ் ஏறி வந்து, மஞ்சள் தடவின கவரில் வைத்து நோட்டாகக் கொடுத்துவிட்டு, மல்லிகைப் பூவும் கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம் நடக்கிறாராம். உன் கல்யாணத்துக்கு இரண்டு பேருக்கும் பத்திரிகை வைத்துவிட்டேன். எனக்கு இனிமேல் மிஷின் எதுவும் வாங்கி அனுப்பாதே. உன் அறை காலியாக, சுண்ணாம்பு அடித்து, பளிச்சென்று இருக்கிறது. உன் அப்பாவின் துண்டுக்குத்தான் இடமில்லை, ஜன்னலில் தொங்குகிறது. மருமகளிடம் முதல் நாளே சொல்லிவிடு, மாமனார் அப்படித்தான் என்று.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றை விட்டுவிட்டேன், இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு மிஷினை நிறுத்தினதும் பிளக்குச் சூடாக இருக்கிறதென்று நாங்கள் எல்லாரும் அந்தப் பக்கம் குனிந்துவிட்டோம், முத்துப்பேச்சியும்தான். நிமிர்ந்து பார்த்தபோது பாண்டி கட்டிலில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது அந்தக் காலை யாரும் தூக்கி வைக்கவில்லை.